உஷார்! சாரின் டிக்கெட் உங்கள் கையில், திருடனின் கண் உங்கள் மேல்

"சித்தி, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

ஜனவரி மாதத்து இரவு, மணி 11.40. மேற்கு கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர் பிளாக்கின் மாடிப்படி விளக்குகூடத் தெரியாத மூடுபனி. அக்கா மகளின் குரல் நடுங்கியது. அரவிந்தோ மார்க்கைத் தாண்டினால் கிழக்கு கிட்வாய் நகர். பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்துவிட்டு எழுப்பிய அடுக்குமாடிகளுக்கு நடுவே அலுவலகக் கோபுரங்களும் நிற்கின்றன. அதில் ஒன்றில்தான் அவளுக்கு வேலை. ஓர் இயக்குநருக்கு உதவியாளர். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்.

நடந்தது இதுதான். மறுநாள் காலை 6.10க்கு அவருக்குச் சென்னை விமானம். பனியால் ரத்து என்று இரவு பத்தரைக்குக் குறுஞ்செய்தி வந்தது. உடனே சாரிடமிருந்து ஒரு வரி: "ஏதாவது செய்." இவள் பதறிப்போய், விமான நிறுவனத்தின் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று சேர்த்துக் கூகுளில் தட்டினாள். மேலே வந்த முதல் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பணிவான குரல். பி.என்.ஆரும் சாரின் குடும்பப் பெயரும் கேட்டான், சொன்னாள். அரை நிமிடத்தில் சாரின் முழுப்பெயர், விமான எண், இருக்கை எண் எல்லாவற்றையும் அவனே ஒப்பித்தான். இவ்வளவு தெரிந்தவன் விமான நிறுவனத்தின் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பினாள். ரீஃபண்டுக்குப் பத்து ரூபாய் சரிபார்ப்புக் கட்டணம் என்று ஒரு லிங்க் வந்தது. அலுவலகக் கார்டின் எண் இவளிடம் இருந்தது. ஓடிபி மட்டும் சாரின் போனுக்குப் போகும். "சார், ரீஃபண்டுக்கு ஒரு ஓடிபி வரும், அனுப்புங்க" என்று கேட்டாள். வந்தது. "முதலாவது எடுக்கவில்லை, இன்னொன்று" என்றான் அவன். அதையும் கேட்டு வாங்கினாள். இரண்டு ஓடிபியில் 1,84,000 ரூபாய் போயிற்று.

அந்த இயக்குநர் ஏமாளி இல்லை. வங்கியிலிருந்து என்று யார் பேசினாலும் போனை வைத்துவிடுகிறவர். பெற்ற பிள்ளை கேட்டாலும் ஓடிபி தராதவர். இவளுக்குத் தந்தார். கேட்டது இவள் என்பதால் மட்டும் தந்தார்.

என்னைத் தூங்கவிடாமல் அடித்தது இந்த இடம்தான். நாம் பி.ஏ.க்கள், செக்ரட்டரிகள், எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட்கள். டைப்பிங்கில் லோயர், ஹையர் பாஸ் செய்து, சுருக்கெழுத்து நோட்டோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் தில்லி வந்து இறங்கிய தலைமுறையும் நாம்தான். லேப்டாப்போடு வந்திருக்கும் இன்றைய பிள்ளைகளும் நாம்தான். பெரிய அதிகாரியின் கோட்டைக் கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும், அதற்குள் போய்வரும் சின்னக் கதவு நாம். திருடன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அவர் யாரையும் நம்புவதில்லை, நம்மை நம்புகிறார். ஆகவே அவன் அவரைத் தேடுவதில்லை, நம்மைத் தேடுகிறான். அதிலும் பயண ஏற்பாட்டு நேரம் பார்த்து வருகிறான். ஏனென்றால் கார்டு எண், பாஸ்போர்ட் நகல், பிறந்த தேதி, ஓடிபி இவ்வளவும் ஒரே மேஜையில் சேர்ந்து கிடக்கும் நேரம் அது ஒன்றுதான்.

முதல் எச்சரிக்கை: விமானம் ரத்தானால் அடுத்த பத்து நிமிடம் கூகுளில் எண் தேடாதீர்கள். தேடல் முடிவின் மேலே நிற்பது பணம் கட்டி வைத்த விளம்பரமாக இருக்கலாம். வரைபடத்தில் விமான நிறுவனத்தின் பெயருக்குக் கீழே இருக்கும் எண்ணும் யாரோ மாற்றி வைத்ததாக இருக்கலாம். ட்விட்டரில், அதாவது இப்போதைய எக்ஸில், நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கோபமாக எழுதினால், அதே சின்னம், அதே நிறத்தோடு ஒரு போலிக் கணக்கு வந்து "உங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்" என்று கேட்கும். பனிக்கால இரவில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பதறுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். கூட்டம் சேரும் நாளெல்லாம் அவனுக்குச் சந்தை. 2025 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். விமானிகளின் ஓய்வு விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கேற்ற ஆள் ஏற்பாடு இல்லாமல் ஆயிரக்கணக்கான இண்டிகோ விமானங்கள் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று தில்லியிலிருந்து புறப்பட வேண்டிய அந்த நிறுவனத்தின் உள்நாட்டு விமானங்கள் நள்ளிரவு வரை மொத்தமாக நிறுத்தப்பட்டன. மறுநாள் அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய். அந்த நாட்களில் இந்த ஊரில் எத்தனை உதவியாளர்கள் இரண்டு போனையும் இரண்டு காதில் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் அழுத்தியிருப்பார்கள்!

நிஜமான சேவை மையம் அப்படிப்பட்ட இரவில் இரண்டாவது மணியில் எடுக்காது. நாற்பது நிமிடம் பாட்டு போடும். உடனே எடுத்தால் சந்தேகப்படுங்கள். பி.என்.ஆரும் குடும்பப் பெயரும் தெரிந்த எவரும் நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பயணத்தைத் திறந்து படிக்கலாம். அவன் ஒப்பித்த விவரமெல்லாம் அங்கிருந்து எடுத்ததே. ரீஃபண்ட் வருவதற்குப் பணம் கட்டச் சொன்னால், திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னால், வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு அனுப்பி "இதுதான் ரீஃபண்ட் ஃபார்ம்" என்றால், பணம் உள்ளே வருவதற்கு யு.பி.ஐ. பின் கேட்டால், இவற்றில் ஒன்று நடந்தாலும் பேச்சு வேண்டாம், போனை வையுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் எண் எந்தக் காலத்திலும் தேவையில்லை.

சரியான எண் எங்கே? டிக்கெட் எடுத்தபோது வந்த மின்னஞ்சலில் இருக்கிறது. நிறுவனத்தின் செயலிக்குள் இருக்கிறது. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் அவருடைய எண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசு ஊழியரின் அலுவல் பயணம் என்றால் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. இந்த மூன்று வழியாகத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். 2022 ஜூனில் நிதியமைச்சகம் அனுப்பிய உத்தரவு, 21 நாளுக்கு முன்பே எடுங்கள் என்றும் சொல்கிறது. 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும். இந்த விதியை முன்பெல்லாம் நானே அலுத்துக்கொண்டதுண்டு. இப்போது அலுத்துக்கொள்வதில்லை. எங்கே கேட்பது என்று ஒரு கதவாவது நிச்சயமாகத் தெரிகிறது. தனியார் நிறுவனப் பிள்ளைகளுக்கு அந்த வேலி இல்லை. அவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இதே வலையை எதிர்ப்பக்கமிருந்தும் வீசுகிறார்கள். முதல் வகையில் நம் குரலை நம்பி அவர் கொடுத்தார். இரண்டாவது வகையில் அவர் குரலை நம்பி நாம் கொடுப்போம்.

2022 செப்டம்பரில் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட்டுக்கு நடந்ததை எல்லாரும் படித்தோம். நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அதார் பூனாவாலா அனுப்புவதுபோல் ஓர் இயக்குநருக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது; சில வங்கிக் கணக்குகளுக்கு உடனே பணம் அனுப்பச் சொன்னது. 1.01 கோடி ரூபாய் போன பிறகுதான் அவர் அப்படி எதுவும் அனுப்பவில்லை என்று தெரிந்தது. நாடு முழுக்கத் தடுப்பூசி தந்த நிறுவனம் அது. பார்தி நிறுவனங்களின் தலைவர் சுனில் மித்தல் 2024 அக்டோபரில் ஒரு பொதுமேடையில் சொன்னது இன்னும் கலக்கமானது. துபாய் அலுவலகத்திலிருந்த அவருடைய உயர் அதிகாரி ஒருவருக்கு, அச்சு அசல் மித்தலின் குரலிலேயே போன் வந்திருக்கிறது. பெரும் தொகையை மாற்றச் சொல்லி. அந்த அதிகாரி விழிப்பாக இருந்ததால் தப்பினார்கள். பதிவைக் கேட்டபோது தன் குரல் போலவே இருந்ததில் திகைத்துப்போனதாக மித்தலே சொன்னார். அதே வருடத் தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர், வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகளின் முகங்களைப் பார்த்து, அவர்கள் சொன்னபடி சுமார் இரண்டரைக் கோடி அமெரிக்க டாலரை அனுப்பினார். திரையில் இருந்த முகங்கள் அத்தனையும் கணினி செய்த பொம்மைகள்.

இவையெல்லாம் பெரிய இடத்துக் கதைகள் என்று விட்டுவிடாதீர்கள். அதிகாரி விமானத்தில் இருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் நமக்கு எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. "ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டேன், போனில் சார்ஜ் இல்லை, வேறொருவர் எண்ணிலிருந்து பேசுகிறேன், இந்த ஹோட்டல் கணக்குக்கு உடனே அனுப்பு" என்று அவர் குரலில் வந்தால் என்ன செய்வீர்கள்? அவர் எப்போது ஆகாயத்தில் இருப்பார் என்று திருடனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நாம்தான் சொல்லியிருப்போம். 'சார் 9 முதல் 14 வரை ஜெர்மனிப் பயணத்தில் இருக்கிறார், அவசரத்துக்கு என்னை அழைக்கவும்' என்று தானியங்கி மின்னஞ்சல் பதில் வைத்து, அதன் கீழே நம் பெயரும் கைபேசி எண்ணும் போட்டிருப்போம். ஊரில் இல்லாத நாளும், ஊரில் இருக்கும் ஆளும் ஒரே கடிதத்தில் அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. இன்றே அதைத் திருத்துங்கள். 'இப்போது உடனே பதிலளிக்க இயலாது, அலுவலக எண்ணில் அழைக்கவும்' என்பது போதும். நாடும் தேதியும் ஊராருக்கு எதற்கு?

டூர் புரோகிராமை இருபது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வழக்கம் இருக்கிறதே, அதையும் விடுங்கள். போர்டிங் பாஸ் படம் அதைவிட மோசம். பெயரும் பி.என்.ஆரும் அச்சிலேயே இருக்கும். பட்டைக் குறியீட்டுக்குள்ளும் இருக்கும். வேண்டாதவன் கையில் அது கிடைத்தால் திரும்பும் டிக்கெட்டில்கூடக் கை வைக்கலாம். அதிகாரிகளுக்குச் சமூக ஊடகத்தில் படம் போடும் ஆசை இருந்தால், ஊர் திரும்பிய பிறகு போடலாம் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை முகம் சுளித்தார். மறுமுறை அவரே கேட்டுக்கொண்டார்.

லவுஞ்ச் விஷயமும் இருக்கிறது. 2024இல் பெங்களூர் விமான நிலையத்தில் ஒரு பெண், கையில் கார்டு இல்லாமல் லவுஞ்சுக்குப் போனார். ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள், இறக்கினார். அது குறுஞ்செய்திகளையெல்லாம் வேறிடத்துக்குக் கடத்தும் போலிச் செயலி. அவர் கார்டிலிருந்து 87,000 ரூபாய்க்கு மேல் போனது பின்னால்தான் தெரிந்தது. அதனால் அதிகாரி கிளம்புமுன், லவுஞ்சுக்கு எந்த அசல் கார்டைக் காட்ட வேண்டும் என்று கையில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அங்கே எந்தச் செயலியையும் இறக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

சரி, அவர் குரலில் பணம் கேட்டு வந்தால்? அவரோடு இன்றைக்கே உட்கார்ந்து ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். அவர் சிறுவயதில் வளர்த்த நாயின் பெயரோ, ஊர்க் குளத்தின் பெயரோ, எங்கும் எழுதி வைக்காத ஏதாவது ஒன்று. அந்தச் சொல் வராமல் பைசா நகராது என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். சொல் வந்தாலும், நீங்களே அவருடைய பழைய எண்ணுக்குத் திரும்ப அழைத்த பிறகுதான் அனுப்ப வேண்டும். அதுவும் முடியாவிட்டால் நிதிப் பிரிவில் இரண்டாவது ஆள் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்று பயந்துதான் நம்மில் பலர் கேட்காமல் அனுப்புகிறோம். பயப்படாதீர்கள். பணம் போன பிறகு வரும் கோபத்துக்கு இது ஈடாகாது.

திருடர்களை விடுவோம். திருடன் இல்லாமலேயே பயணம் கெடும் இடங்களும் இருக்கின்றன. அங்கேயும் காரணம் அதே நம்பிக்கைதான். நாம் எடுத்த டிக்கெட்டை நமக்குப் பிறகு யாரும் படிப்பதில்லை. நாம் எடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முதலில் படிக்கப்போகிறவர் விமான நிலைய வாசலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரர்.

நம் தமிழர்களுக்கென்றே ஓர் ஆபத்து, பெயர். பலகையில் 'எஸ். முருகன்'. பாஸ்போர்ட்டில் ஒருவருக்குக் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், இன்னொருவருக்கு அந்த இடமே காலியாக இருக்கும், மூன்றாமவருக்கு இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும். வடக்கத்திய சக ஊழியர்களுக்கு இந்தச் சங்கடம் புரியாது. அவர்கள் பிறக்கும்போதே இரண்டு பெயரோடு பிறக்கிறார்கள். டிக்கெட் தளமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. அவசரத்தில் ஓர் எழுத்தை, ஒரு புள்ளியை, 'மிஸ்டர்' என்பதைப் போட்டு நிரப்பிவிடுகிறோம். ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு விதம் சொல்லும். சிலர் அதே பெயரை இரண்டு முறை எழுதச் சொல்வார்கள். கேட்டு எழுதுங்கள், ஊகிக்காதீர்கள்.

2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவிலோ டூரிஸ்ட் விசாவிலோ அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது நினைவிருக்கும். துபாய்க்கு மாதம் ஒரு முறை ஆள் அனுப்பும் அலுவலகங்களில் அந்த வாரம் பாஸ்போர்ட்டுகளை அள்ளிப் போட்டுப் புரட்டினார்கள். சில நாளில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் வந்தது. பழைய நினைவை நம்பி டிக்கெட் எடுக்காமல், ஒவ்வொரு முறையும் இன்றைய விதி என்ன என்று கேட்டுவிடுங்கள். அமெரிக்க விசாவிலோ குடும்பப் பெயர் இல்லாதவரின் ஒரே பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்து வந்து உட்காரும். பார்த்தவுடன் தூக்கிவாரிப் போடும். பிழை இல்லை, அவர்கள் முறை அது. ஆனால் டிக்கெட்டும் அதோடு பொருந்த வேண்டும்.

நான் பழகிக்கொண்ட வழி ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டின் படமுள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். எந்திரம் படிப்பது அதைத்தான். முதல் வரியில் எந்தப் பெயர் முன்னால் வருகிறதோ அது குடும்பப் பெயர்; இரட்டை அம்புக்குறிக்குப் பின்னால் வருவது இடப்பட்ட பெயர். பலகையை, விசிட்டிங் கார்டை, ஆதாரைப் பார்க்காமல் அந்த வரியைப் பார்த்து, எழுத்தெழுத்தாகத் தட்டுங்கள். பிறகு இன்னொருவரை வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்து 24 மணி நேரத்துக்குள் சொன்னால் அதே ஆளின் பெயர்ப் பிழையைக் கட்டணமின்றித் திருத்த வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. மறுநாள் சொன்னால் கெஞ்ச வேண்டியிருக்கும்.

அடுத்தது நள்ளிரவு. எங்கள் பேட்டைக்குப் பெயர் தந்த ரஃபி அகமது கிட்வாய், சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர். இரவு விமான அஞ்சலைத் தொடங்கி வைத்தவர் அவர்தான், 1949இல். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் இரவில் விமானங்கள் கிளம்பும். நடுராத்திரியில் நாக்பூரில் சந்தித்து மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பும். ஒரு தேதியில் பெட்டியில் போட்ட கடிதம் ஆகாயத்திலேயே மறு தேதிக்குள் நுழைந்துவிடும். கடிதத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆளுக்கு ஆகும்.

தில்லியிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் '15, 00.25' என்று இருக்கிறது. அதிகாரி 15ஆம் தேதி முழுக்க அலுவலகத்தில் கூட்டம் நடத்திவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு விமான நிலையம் போகிறார். விமானம் முந்தைய இரவே போய்விட்டது. எனக்குத் தெரிந்தே இரண்டு அலுவலகங்களில் இது நடந்திருக்கிறது. படித்தவர்கள்தான் எல்லாரும். நம் பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்தில்தான் நாள் பிறக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தாலும் பாட்டி அதை முந்தைய நாளின் ராத்திரி என்றுதான் சொல்வாள். நம் நாக்கிலும் மனதிலும் இன்னும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது. விமானத்தின் நாளோ நள்ளிரவில் பிறந்துவிடுகிறது. இரண்டு கணக்குக்கும் நடுவிலுள்ள அந்த ஐந்தாறு மணி நேரப் பள்ளத்தில் எத்தனை பேர் விழுகிறார்கள்!

ஆகவே டூர் புரோகிராமில் விமானம் கிளம்பும் நேரத்தை முதல் வரியாக எழுதாதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தை எழுதுங்கள், கிழமையோடு. '14 செவ்வாய் இரவு 8.30, வீட்டு வாசலில் கார்.' அதற்குக் கீழே விமான விவரம். அங்கே போய் இறங்குவது விடியற்காலை என்றால் ஹோட்டல் அறையை முந்தைய இரவுக் கணக்கில் எடுங்கள். இல்லையென்றால் மதியம் வரை வரவேற்பறை சோபாவில் உட்கார வேண்டியதுதான்.

டெர்மினலையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். போன தடவை டெர்மினல் 2 என்பது இந்தத் தடவைக்குச் சாட்சி இல்லை. 2024 ஜூன் 28 அன்று டெர்மினல் 1இன் முகப்புக் கூரை மழையில் இடிந்து ஓர் உயிர் போனது. அதிலிருந்து கிளம்பிய விமானங்களெல்லாம் மற்ற இரண்டுக்கும் மாறின. 2025 ஏப்ரலில் டெர்மினல் 2 பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு அக்டோபரில் திறந்தது. அப்போதும் எல்லாம் மாறின. ஒன்றிலிருந்து மூன்றுக்கு நடந்து போய்விட முடியாது. கார் பிடித்துச் சுற்றிப் போக வேண்டும். மெட்ரோ பாதையும் வேறு வேறு. முந்தைய நாள் மாலை ஒரு முறை, கிளம்பும் முன் ஒரு முறை பார்த்தால் போதும்.

பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாதமாவது மீதி இருக்கிறதா என்று டிக்கெட்டுக்கு முன்னால் பாருங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அரசின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். பாஸ்போர்ட்டுக்கென்றே போலித் தளங்கள் இருக்கின்றன என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்க்க ஒரு நொடிதான் ஆகும். போலித் தளத்தில் போவது கட்டணம் மட்டும் இல்லை. அவருடைய பாஸ்போர்ட் நகலும் கையெழுத்தும் போய்விடுகின்றன. அவற்றைத் திரும்ப வாங்க முடியாது.

இனி அந்த ஜனவரி இரவுக்கு வருகிறேன். 11.40க்கு அவள் அழைத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "கார்டை பிளாக் பண்ணினியா?" பண்ணவில்லை. அழுதுகொண்டிருந்தாள். "அழுகையை அப்புறம் வச்சுக்கோ. கார்டு முதுகில இருக்கிற வங்கி எண்ணுக்கு இப்பவே அடி. அடுத்து 1930. அதுக்கும் அப்புறம்தான் சாருக்கு" என்றேன். 1930 என்பது இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். நாம் சீக்கிரம் சொன்னால் நடுவில் எங்காவது நிறுத்திவைக்க முடியும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் அனுப்பிய சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே ஓடிபி போன்றதைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியுடையது. வெட்கப்பட்டுக்கொண்டு காலை வரை காத்திருப்பவர்கள் எதை இழக்கிறார்கள் என்று இதிலிருந்து தெரியும். அவள் 11.52க்கு 1930இல் பேசிவிட்டாள். 60,000 ரூபாய் வழியில் நின்றது. மீதி போனது போனதுதான்.

மறுநாள் அலுவலகத்தில் எழுத்து விளக்கம் கேட்டார்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். 'நான் சாரிடம் ஓடிபி கேட்டேன்' என்ற ஒரு வாக்கியத்தை எழுத அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. காப்பி ஆறிப்போயிருந்தது.

வேலை போகவில்லை. இப்போது அவள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. அவர்கள் பயன்படுத்தும் நான்கு விமான நிறுவனங்களின் எண்கள், பழைய டிக்கெட்டுகளிலிருந்து பார்த்து எழுதியவை. ஏஜென்டின் எண். வங்கி எண். 1930. எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: 'யாரிடமும் ஓடிபி கேட்காதே, யாருக்கும் கொடுக்காதே.' போன வாரம் போனபோது பார்த்தேன். அந்த வரிக்கும் கீழே, வேறு கையெழுத்தில், பென்சிலில், இந்தியில் யாரோ எழுதியிருந்தார்கள். "யார் இது?" என்றேன்.

"சார்தான் சித்தி. 'நான் கேட்டாலும்'னு எழுதியிருக்கார்."